பிறந்த வீட்டுக் கோடி

முதலில் தப்புப் பண்ணியது வீரணன்தான். எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் சோணைமுத்து சூடத்தை அடித்து அணைத்து அதையே சொல்வார். இப்போது அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாயில் குழாயோடு படுத்திருக்கிறான் என்பதற்காக அது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா. மதுரை ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, தோள்துண்டை மடியில் போட்டு அதன் ஓரத்து நூலைத் திரித்துக்கொண்டிருந்தார் அவர். காலை வெயில் ஜன்னல் கம்பி வழியே விழுந்து தரையில் கோடு போட்டிருந்தது. பினாயில் வாடை மூக்கில் ஏறி நாக்கு வரைக்கும் கசந்தது. உள்ளே ஒவ்வொருத்தராகத்தான் விடுவார்களாம். வீரணனின் மகன் ஜெயபாண்டி போயிருக்கிறான், அடுத்தது இவர். கூப்பிடும்வரை சும்மா இருக்கவேண்டும். சும்மா இருந்தால் மனசு பழகின குட்டைக்கு எருமை போகிற மாதிரி நேரே ஏழு வருஷத்துக்கு முந்தித் தவமணி செத்துக் கிடந்த அன்றைக்குத்தான் போய் இறங்கும். தவமணி அவர் பெண்டாட்டி, வீரணனின் கூடப்பிறந்த தங்கச்சி. இவருடைய தங்கச்சி அங்கம்மாளை வீரணனுக்குக் கொடுத்து வீரணன் தங்கச்சியை இவர் கட்டினார். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே அடுப்பில் சோறு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு என்பதால் இவன் வீட்டுச் சாவுக்கு அவனும் அவன் வீட்டுச் சாவுக்கு இவனும் கோடித்துணி போடவேண்டியவர்கள். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுச் சேலை வந்து அவள்மேல் விழவேண்டும். அது விழுந்தால்தான் அவள் நாதியுள்ளவளாகப் போகிறாள். கொண்டுவருகிறவர்களைத் தெருமுனையிலேயே கொட்டுமேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்துவரவேண்டும், அதுவும் முறைதான், அதை இவர் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குக் கொட்டு ஊருணிப் பக்கம் போயிருந்தது, மகள் வீட்டுச் சம்பந்திமார் வந்திருந்தார்கள், அவர்களை அழைத்துவர. வீரணன் ரெண்டு பேருக்கும் பொதுவான மந்தைப் பக்கம் வந்து நிற்கிறான். கையில் மஞ்சப்பை, அதில் சேலை. யாரோ வந்து இவர் காதில் சொன்னார்கள். கொட்டு திரும்பட்டும், அனுப்புறேன் என்றார். பொணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வேறென்ன சொல்லுவான். அதற்குள் போய்விட்டான். கூடப்பிறந்தவள் உள்ளே கிடக்கிறாள், இவனுக்குக் கொட்டு வேண்டியிருந்தது.

போய்விட்டான் என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, பாடைத்தேர் கட்டி முடிந்து, பெரியவர்கள் நேரமாச்சு நேரமாச்சு என்று நெருக்கி, கடைசியில் இவரே ஆளனுப்பிக் கடைவீதியில் ஒரு சேலை எடுத்துவரச் சொல்லி, அதைத் தவமணிக்குத் தூரத்து முறையில் அண்ணனான ஒருத்தன் கையில் கொடுத்து, பிறந்த வீட்டுச் சேலை என்று போர்த்தச் சொன்னார். பச்சைக்கலர், ஓரத்தில் மொடமொடப்பு. தவமணிக்குப் பச்சை பிடிக்காது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. புருஷன் எடுத்த சேலையைப் பிறந்த வீட்டுச் சேலையென்று போர்த்திக்கொண்டு ஒரு பொம்பளை சுடுகாட்டுக்குப் போனாள். அதுதான் ஆரம்பம். அதற்கு முந்தி, இவர் மகளை ஜெயபாண்டிக்குக் கேட்டு இவர் கொடுக்கவில்லையே, அதுதானே அவனுக்குப் புகைச்சல் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளை மாட்டேன் என்றது, அதற்கு இவர் என்ன செய்வார். கேட்டவன் முறையாகவா கேட்டான்? டீக்கடையில் வைத்துக் கேட்டான், வடையைத் தின்றுகொண்டே கேட்டான். அப்படிப் பார்த்தால் அங்கேயும் முதல் தப்பு அவனுடையதுதான். அதற்கும் முந்தி வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் திருப்புகிற முறையில் அவன் மடையை முன்கூட்டியே அடைத்தது இருக்கிறது. அதற்கும் முந்திக் கல்யாணப் பந்தலில் இவர் மாலை சின்னதாகவும் அவன் மாலை பெரிதாகவும் இருந்தது இருக்கிறது. எந்தப் பக்கம் நோண்டினாலும் அடியில் வீரணன்தான் கிடக்கிறான். ஆனால் சோணைமுத்து நியாயஸ்தர். சின்ன விஷயத்தையெல்லாம் பிடித்துத் தொங்குகிற ஆள் இல்லை. அவர் கேட்பது அந்தச் சேலை ஒன்றுக்குத்தான் பதில்.

"அண்ணே," என்றாள் அங்கம்மாள். பெஞ்சின் அந்த ஓரத்தில் இருந்தவள் எப்போது பக்கத்தில் நகர்ந்து வந்தாள் என்று தெரியவில்லை. தலையில் நேற்றைய மல்லிகை, நாரோடு பழுத்துப்போய்த் தொங்கியது. "அந்த டாக்டர் பிள்ளை சொன்னது உனக்குப் புரிஞ்சுச்சா?" புரிந்தது என்று தலையாட்டினார். அவருக்குப் புரியாதது என்று ஒன்றை ஒத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கால்வாய்ப் பாலத்தில் மொபெட்டோடு விழுந்திருக்கிறான், மண்டை கல்லில் பட்டிருக்கிறது, மேலுக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. மூளை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாள். இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டார்களாம். மூச்சை மெஷின் விடுகிறதாம். நெஞ்சு மட்டும் தன்பாட்டுக்குத் துடிக்கிறது, அதுவும் ரொம்பத் தாங்காது. சட்டப்படி அவர் இறந்தாச்சு ஐயா என்று அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள், நல்ல பிள்ளை, குரலில் ஈரம் இருந்தது. ஜெயபாண்டி கிட்னியையும் ஈரலையும் கொடுக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். மத்தியானம் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். "அப்ப நான் என்னண்ணே இப்ப?" என்றாள் அங்கம்மாள். "பூவை எடுக்கணுமா, வச்சிருக்கணுமா? காலைல பொட்டை வச்சு, அழிச்சு, மறுபடி வச்சேன். உள்ள போய்த் தொட்டுப் பாத்தேன், சுடுது. மேலு சுடுற மனுசனுக்கு எப்படிண்ணே அழுகுறது?" அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "கோடி கொண்டு வருவீல்ல?"

அதுதான் அவரை இங்கே வரவழைத்தது, அவருக்குத் தெரியும். செத்தவனுக்கு மச்சினன் வீட்டு வேட்டி, தாலி இறக்கப்போகிறவளுக்கு அண்ணன் வீட்டுச் சேலை. அது இல்லாமல் அவளை எப்படி உட்காரவைப்பார்கள். அவளுக்கும் ஒரு பச்சைச்சேலையை யாராவது எடுத்துக்கொடுத்து அண்ணன் சேலை என்று சொல்லிக்கொள்ளட்டுமே என்று ஒரு நினைப்பு ஓணான் மாதிரித் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்க்கட்டும். ஏழு வருஷமாக அந்த ஓணானை அவர் விரட்டவில்லை. வீரணன் முகத்தில் முழிப்பதில்லை என்று சொன்னவர் சொன்னபடி இருந்தார், சந்தையில் அவன் வெற்றிலைக் கூடையை இறக்கினால் இவர் அந்தப் பக்கமே போகமாட்டார், அங்கம்மாள் மட்டும் தீபாவளிக்கு அடுத்த நாள் பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போவாள். ஒரு நாள் அவன் வருவான் என்று இருந்தார். வந்து, மாப்ள, அன்னைக்குச் செஞ்சது தப்பு என்று ஒரு வார்த்தை. ஒன்றே ஒன்று. அதைக் கேட்டதும் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உக்காரு என்று சொல்வதாக இருந்தது. அந்த உக்காருவைச் சொல்லவிடாமலே போகிறான். "சோணைமுத்து யாருங்க?" என்று கதவைத் திறந்து கேட்டார்கள்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், பச்சை அங்கி ஒன்றை முதுகுப் பக்கம் கட்டிவிட்டார்கள். உள்ளே குளிர், கொடிக்காலுக்குள் விடியக்காலையில் நுழைந்த மாதிரி. அகத்தி நிழலில் வெற்றிலைக்கொடி மூச்சு விடுகிற அந்தக் குளிரே வேறு, அதில் வாடை இருக்கும், இதில் இல்லை. வீரணன் நீட்டிப் படுத்திருந்தான். மெஷின் ஒரு தடவை புஸ் என்றது, நெஞ்சு எழும்பியது, இறங்கியது. முகத்தில் ஒரு வெட்டில்லை. குழாயைக் கட்டியிருந்த நாடா உதட்டை ஒரு பக்கமாக இழுத்திருந்ததில், யாரையோ நக்கல் பண்ணுகிற மாதிரி இருந்தது, பெரும்பாலும் இவரை. பல்லில் வெற்றிலைக்கறை அப்படியே இருந்தது. நர்ஸ் பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தது. "பேசுனாக் கேக்குமா தாயி?" என்றார். "கேக்காதுய்யா," என்றது அந்தப் பிள்ளை. பிறகு, "ஆனா எல்லாரும் பேசிட்டுத்தான் போறாங்க," என்றது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கை தன்பாட்டுக்குப் போய் வீரணன் கையைத் தொட்டது. சுட்டது. அங்கம்மாள் சொன்னது சரிதான். செத்தவன் கை இப்படி இருக்காது, தவமணி கை எப்படி இருந்தது என்று இவருக்குத் தெரியும், மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் சாவு எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது. வெற்றிலையைக் கொடியிலிருந்து கிள்ளுகிறோம், அப்போதே அது செத்ததுதானே. ஆனால் ஈரச்சாக்கில் சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்தால் நாள்கணக்கில் பச்சையாகவே இருக்கும், நரம்பு விறைப்பாக இருக்கும், மடித்தால் சடக்கென்று உடையும், கல்யாணத் தட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். யாரும் அதைச் செத்த இலை என்று சொல்வதில்லை. ஒரு நாள் ஓரத்தில் கறுப்பு விழும், அப்போதுதான் அழுகல் என்று தூக்கிப்போடுவார்கள். கிள்ளினதற்கும் கறுத்ததற்கும் நடுவில் அது என்ன? அந்த நடுவில்தான் வீரணன் படுத்திருக்கிறான். இவர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதையும் விடு என்று அவர் மனசு தன்னையே அதட்டியது. மூளைதான் செத்திருக்கிறது. கிட்னி உயிரோடு இருக்கிறது, நாளைக்கு எவனோ ஒருத்தன் வயிற்றில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிறது. அந்தக் கிட்னிக்குச் சோணைமுத்து யாரென்று தெரியுமா? தெரியாது. அது மந்தையில் நிற்கவில்லையா என்றால் நின்றது, வீரணன் உடம்புக்குள்தான் நின்றது, ஆனால் கொட்டு வரவில்லை என்று கோபப்பட்டது அது இல்லை. திரும்பி நடந்த கால் இதோ கிடக்கிறது, அதுவும் இல்லை. ரோஷப்பட்டது, முறுக்கிக்கொண்டது, ஏழு வருஷம் ஞாபகம் வைத்திருந்தது எல்லாம் எதுவோ அது மட்டும் பார்த்துச் செத்திருக்கிறது. பட்ட கடனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் உயிரோடு விட்டுவிட்டுப் போகிற சாமர்த்தியம் வீரணனுக்குத்தான் வரும். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு இன்னொன்றும் தோன்றியது. அப்படியானால் தவமணிக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எந்தச் சேலை விழுந்தது, எது விழவில்லை, பச்சையா, அரக்கா, ஒன்றும் தெரியாமல்தான் போயிருப்பாள். டாக்டர் பிள்ளை சொல்கிறபடி பார்த்தால் அவ்வளவுதான். அப்புறம் அவர் எதற்கு ஏழு வருஷம். இல்லை. அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, இவருக்குத் தெரியும். செத்தவர்களுக்குத் தெரியாது என்பதால்தான் இருக்கிறவன் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இவரும் விட்டுவிட்டால் அந்தச் சேலை வராமல் போனது நடக்காததாகிவிடும், அவள் அண்ணன் இல்லாத பெண்ணாகவே போய்விட்டவள் ஆகிவிடுவாள். அதற்கு இவர் சம்மதிக்கமாட்டார். தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் மெஷின் புஸ் என்னும்போதெல்லாம் இவரும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்துப் பயந்துபோய் நிறுத்தினார், நிறுத்தினதும் நெஞ்சு அடைத்தது, மறுபடியும் தன்பாட்டில் விட்டார். இவருக்கு ஒன்று ஆனால்? இவருக்குக் கோடி போடவேண்டியவன் யார்? மச்சினன். மச்சினன் எங்கே? இதோ. அட பாவி. தங்கச்சிக்குப் போடவேண்டியதையும் போடவில்லை, எனக்குப் போடவேண்டியதையும் போடாமல் முந்திக்கொண்டு போகிறாயா. ரெண்டு பாக்கிடா வீரணா. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மாப்ள," என்றார் சத்தமாகவே. ஏழு வருஷத்தில் முதல் தடவை. நர்ஸ் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. "அன்னைக்குச் செஞ்சது தப்புத்தானே? ஒத்துக்கிறயா?" அவர் கைக்குள் இருந்த வீரணனின் விரல் வெடுக்கென்று இழுத்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும். சோணைமுத்துவுக்குத் தலைமயிர் சிலிர்த்தது. அந்த ஒரு நொடியில் உக்காரு என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, படுத்திருக்கிறவனிடம் உக்காரு என்று. "தாயி, தாயி, இங்க பாரு, அசைச்சாரு," என்றார். அந்தப் பிள்ளை வந்து பார்த்து, மெதுவாக அவர் கையை எடுத்துவிட்டது. "அது அவர் அசைக்கலய்யா. முதுகுத்தண்டுல இருந்து வர்றது. மூளை போனப்புறமும் சில பேருக்கு அப்படி வெட்டும். வீட்டுக்காரங்க எல்லாரும் பயந்துருவாங்க, அதான் முன்னாடியே சொல்லிருவோம், உங்களுக்குச் சொல்ல விட்டுப்போச்சு." "அப்ப அவன் சொல்லலையா?" "அவர் இல்லய்யா," என்றது பிள்ளை. சோணைமுத்து அந்த விரலைப் பார்த்தார். வேறு ஒருத்தனாக இருந்தால் அதையே ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருப்பான். சோணைமுத்து ஏமாற மாட்டார். முதுகுத்தண்டு சொன்ன பதிலை எப்படி வாங்கி வைத்துக்கொள்வது. கடன்பட்டவன் ஒருத்தன், அவன் வீட்டு வாசற்கதவு காற்றில் ஆடினால் அது வரவேற்பா. "சரி மாப்ள," என்றார். "அப்படியே இருக்கட்டும்." போர்வையின் ஓரம் விலகியிருந்ததை இழுத்து அவன் காலை மூடிவிட்டு வெளியே வந்தார்.

வெளியே ஜெயபாண்டி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான், இவரைப் பார்த்ததும் எழுந்து, "மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் நேரே அங்கம்மாளிடம் போனார். உள்ளே எழும்பிய ஒன்று அடங்கவில்லை, யாரிடமாவது அதைக் கேட்டே ஆகவேண்டும். "அன்னைக்குக் கொண்டுவந்த சேலையை என்ன பண்ணுனீங்க? நீ கட்டிக்கிட்டியா?" அங்கம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பழுத்த மல்லிகை ஒன்று உதிர்ந்தது. "கோடிக்கு எடுத்த சேலையையா? எம்புட்டுக் கேவலமா நெனச்சு வச்சிருக்க நீ. பொணத்துக்குன்னு எடுத்தது வீட்டுக்குள்ள வரலாமா? உயிரோட இருக்கவ மேல படலாமா?" "அப்ப எங்க?" "மோட்டார் ரூம்புல. உத்தரத்துல தொங்குது, அந்த மஞ்சப்பையிலயே. அன்னைக்குத் திரும்பி வந்து மாட்டுனதுதான். யாரையும் தொட விடல. ஒருக்க இவன் சோத்துத்தூக்கு மாட்ட இடமில்லைன்னு எடுக்கப் போனான், அறைஞ்சுட்டாரு." "ஆமா மாமா," என்றான் ஜெயபாண்டி, கன்னத்தைத் தடவிக்கொண்டு, "கலியாணமான பெறகு அறைஞ்சாரு." அங்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "அது அவளுது, அவ ஆளு வந்து கொட்டடிச்சுக் கூப்புட்டாக் கொண்டு போவேன்னு சொல்லுவாரு. செத்து எரிச்சு ஆத்துல கரைச்சாச்சு, இனி எங்க கொண்டு போவீகன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு." சோணைமுத்துவுக்கு அந்தப் பை தெரியும். வாய்க்கால் கரையில் நடந்து போகும்போதெல்லாம் அந்த மோட்டார் ரூமின் திறந்த கதவு வழியாக எத்தனை நாள் பார்த்திருக்கிறார், வெயிலில் நிறம் செத்து வெள்ளையாகிப்போன ஒரு பை. விதை கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தார். இதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே ஏழு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அப்படியானால் அவனும் காத்திருந்தான். இவர் ஒரு வார்த்தைக்கு, அவன் ஒரு கொட்டுக்கு. காத்திருந்தால் மட்டும் போதுமா. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் அரைமைல் தூரம், நடந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரம்.

"அதை எடுத்துத் தந்துறவா மாமா?" என்றான் ஜெயபாண்டி. "அப்பாதான் இல்லையே. நீங்களே கொண்டுபோய்..." "தொடாத," என்றார் சோணைமுத்து. குரல் வராந்தாவில் மோதித் திரும்பியது, யாரோ எட்டிப் பார்த்தார்கள். நானாகப் போய் எடுத்துக்கொண்டால் அது எப்படி வந்ததாகும். அது நடந்து வரவேண்டும். அது அங்கேயே தொங்கட்டும், பூச்சி அரிக்கட்டும், பை அறுந்து விழட்டும், விழுந்தாலும் அது வீரணன் கொடுக்கவேண்டியதுதான். அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். மனசு இப்போது துடைத்துவிட்ட மாதிரித் தெளிவாக இருந்தது. ஓணானைக் காணவில்லை. "நான் கடைவீதிக்குப் போறேன்," என்றார் அங்கம்மாளிடம். "வேட்டி, துண்டு, உனக்குச் சேலை. என்ன கலரு?" அவள் அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். புருஷன் செத்தது அண்ணன் கலர் கேட்டபோதுதான் அவளுக்கு நிச்சயமானது போல இருந்தது. அவள் கை மேலே போய்ப் பூவைத் தொட்டு, அதைத் தானே எடுத்துவிடாமல் திரும்ப மடியில் விழுந்தது. "நீ எடுக்காத. ஊருக்குப் போய் எடுப்பாங்க," என்றார் அவர். "சொல்லு. என்ன கலரு?" "எதுன்னாலும் சரிண்ணே. பச்சை மட்டும் வேணாம்."

அவர் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பினார். "டேய் ஜெயபாண்டி, நான் கோடியோட மந்தைப் பக்கந்தான் வந்து நிப்பேன். உங்கப்பன் நின்ன அதே எடத்துல. கொட்டை அங்க அனுப்பு." "அனுப்புறேன் மாமா." "ஒருவேளை கூட்டத்துல கொட்டு வேற பக்கம் போயிருச்சுன்னா?" "போனாலும் நான் வருவேன்டா," என்றார் சோணைமுத்து. "கொட்டே இல்லாட்டியும் நடந்து வந்து போர்த்திட்டுத்தான் போவேன். நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டேன்னு ஊரு பாக்கணும். உங்கப்பன் கொடுக்கலைன்னும் பாக்கணும்." மெஷின் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் புஸ் என்றது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கினார். வேட்டிக்கு நல்ல கரையாகப் பார்க்கவேண்டும். அவன் எடுத்த அந்தச் சேலை என்ன கலர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதைக் கொண்டுவருகிறவன் சொல்லட்டும்.